தாமிரபரணித் தண்ணீரில் ராஜ்மா: நெல்லைப் பக்கம் பஞ்சாபிக் கடை போடுகிறவர்களுக்கு

ஸ்ரீநகரில் தொடங்குகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஜலந்தர், லூதியானா, டெல்லி என்று இறங்கி, மதுரை, கோவில்பட்டி தாண்டி, திருநெல்வேலியைத் தொட்டு, கன்னியாகுமரியில் முடிகிறது. அதனால் பஞ்சாபி லாரிக்காரர் நாலுவழிச் சாலையோரம் வண்டியை நிறுத்தி ரொட்டி கேட்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கூடங்குளம், மகேந்திரகிரி, கங்கைகொண்டான் சிப்காட் என்று வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்ட வடக்கத்திக்காரர்களும் உண்டு. ஆனால் அவர்களை மட்டும் நம்பிக் கடை போட்டால் வாடகை கட்ட முடியாது. பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் தச்சநல்லூரிலும் இருக்கிற நம்ம குடும்பங்கள் சனி, ஞாயிறு ராத்திரி வந்து உட்கார்ந்தால்தான் கல்லா நிறையும். ஒரு மேஜையில் தன் ஊர் ருசியைத் தேடி வந்தவர், பக்கத்து மேஜையில் புரோட்டாவிலும் சால்னாவிலும் வளர்ந்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் பரிமாற வேண்டும்.

இதற்காக ஆட்கள் மசாலா ரகசியம் தேடி அலைகிறார்கள். மசாலாவில் ரகசியம் ஒன்றும் இல்லை. சீரகம், மல்லி, ஏலம், கிராம்பு, பட்டை, கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரை, எல்லாம் டெல்லியில் கிடைப்பதுதான் டவுன் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. இங்கே கடை நிற்பதும் விழுவதும் தண்ணீர், கரி, மாவு, பால் என்ற நாலில். மசாலாவைத் தொடும் முன் இந்த நாலையும் கைக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலில் தண்ணீர். ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸ் விதையோ கொண்டைக்கடலையோ ராத்திரி முழுக்க ஊறியும், குக்கரில் ஆறேழு விசில் வைத்தும், நடுவில் கடுக்கென்று நிற்கிறதா? கடலை பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், எந்தத் தண்ணீரில் ஊறியது என்று பாருங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பயறின் தோலிலும் சதையிலும் இருக்கிற பெக்டின் என்கிற ஒட்டுப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும். அப்புறம் எவ்வளவு எரித்தாலும் இளகாது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் அதே கடலை பஞ்சு மாதிரி வேகும். ஊறவைக்கவும் அவிக்கவும் அந்தத் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து வையுங்கள். பாத்திரம் கழுவவும் தரை கழுவவும் போர் தண்ணீர் போதும்.

ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்புப் போட்டால் தோல் இன்னும் மெதுவாகும். உப்புப் போட்டால் வேகாது என்பது பலர் வாயில் இருக்கிற பேச்சு. ஊறும்போது நடப்பது நேர் எதிர். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, மாங்காய்ப்பொடி, மாதுளை விதைப்பொடி எதுவானாலும் கடலை முழுக்க வெந்த பிறகுதான் சேர வேண்டும். சோடா உப்பு ஒரு கிலோ கடலைக்குக் கால் டீஸ்பூன். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், தோல் கழன்று குழம்பு கூழாகும்.

ராஜ்மாவில் ஒரு எச்சரிக்கை. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும்; அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம்தான் காரணம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். குக்கரில் வைத்து நசுங்கும்வரை அவித்தால் கவலையில்லை. கொதி வராமல் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் போட்டுவைப்பதுதான் ஆபத்து.

சோலே என்கிற கொண்டைக்கடலைக் குழம்பின் கருப்பு நிறத்துக்கு மசாலாவை வறுத்துக் கருக்க வேண்டாம். ஒரு கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு 15 கிராம் தேயிலையும் நாலு காய்ந்த நெல்லிக்காயும் துணியில் முடிந்து, அவிக்கும்போதே உள்ளே போட்டு, வெந்ததும் எடுத்துவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற நெல்லி வற்றலே போதும்.

வெண்ணெய் விட்டுச் செய்கிற தால் மக்கனிக்கு வேண்டியது முழுக் கருப்பு உளுந்து. இதில் நம்ம ஆட்களுக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலி உளுந்து போட்டு உளுந்தஞ்சோறும் உளுந்தங்களியும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைகிற உளுந்துக்கு வடக்கே இருந்து சரக்கு வர வேண்டியதும் இல்லை. ஒரு கிலோ உளுந்து, 150 கிராம் ராஜ்மா, 8 முதல் 10 மணி நேர ஊறல். ஊறிய பிறகு கையால் தேய்த்து ஐந்தாறு தண்ணீர் அலசினால்தான் அந்தச் சாம்பல் கலர் போகும். 4 லிட்டர் தண்ணீர், 60 கிராம் இஞ்சி பூண்டு விழுது, உப்பு சேர்த்துக் குக்கரில் அவித்து, பிறகு அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றி 4, 5 மணி நேரம் சிறுதீ. முதல் மணி நேரம் முடிந்ததும் முக்கால் கிலோ தக்காளி விழுது, 20 கிராம் காஷ்மீரி வத்தல்பொடி, 250 கிராம் வெண்ணெயில் பாதி. மீதி வெண்ணெயும் 200 மில்லி கிரீமும் இறக்கும் நேரத்தில்.

கெட்டுப்போகிற இடம் ரெண்டு. நேரம் இல்லையென்று மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் தால் களியாகிவிடும். உளுந்தின் அந்த வழவழப்பு அரைபட்டால் பசையாக இழுக்கும். கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்குவதே முறை. இன்னொன்று அடிப்பிடிப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டையான துடுப்பால் அடியைத் தொட்டுக் கிண்ட வேண்டும். பிடித்துவிட்டது என்று மூக்கு சொன்ன உடனே, அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டினால் மொத்தமும் போச்சு. பதம் பார்க்க ஒரு மணியை விரலிடையில் வைத்துத் தேய்த்தால், நடுவில் கட்டி இல்லாமல் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும்.

அடுத்தது அடுப்பு. கடைக்குப் போதுமான தந்தூர் என்றால் வாய் 12 முதல் 14 அங்குலம், உயரம் 32 அங்குல வாக்கில் இருக்கும் மண்பானை, அதைச் சுற்றி இரும்பு அல்லது எவர்சில்வர் உடம்பு, ரெண்டுக்கும் நடுவில் சூடு காக்கும் பஞ்சு, அடியில் காற்றுவழி. வாங்கி வந்த அன்றே கரி அள்ளிப் போட்டு எரித்தால் பானையில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடும். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழி கிடைக்காததுதான் காரணம். ரெண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். பிறகு அரைத்த பாலக்கீரை, வெல்லம், மோர், உப்பு, கடுகெண்ணெய் கலந்து உள்சுவரில் பூசி, முதல் நாள் கைப்பிடிக் கரி, மறுநாள் ஒரு கிலோ, மூன்றாம் நாள் ரெண்டு மூன்று கிலோ என்று ஏற்றுங்கள். நாலாம் நாள் முழுத் தீ. மயிரிழை போல வரும் விரிசல் பரவாயில்லை, சூட்டில் அடங்கிவிடும். விரல் நகம் நுழைகிற விரிசல் வந்தால் விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

கரியில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி கனமான கரி. நின்று எரியும், தணல் சீராக இருக்கும். சிரட்டைக்கரி சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் சாம்பலும் ஆகும். நாலு பங்கு கருவேலங்கரிக்கு ஒரு பங்கு சிரட்டைக்கரி என்று கலந்தால் பற்றவைக்கும் நேரம் குறையும். ரெண்டு துண்டுக் கரியை ஒன்றோடொன்று தட்டினால் ஓடு தட்டிய மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கிறது. அது வெடிக்கும், புகையும், சுவரில் கரி அப்பும், ரொட்டி ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைத் தரையில் போடவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு இந்த ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாழ்வான இடத்தில் கடை என்றால் மாவு, சீனி, கரி மூன்றுக்கும் மேல்ரேக்தான்.

11 மணிக்கு முதல் ரொட்டி விழ வேண்டுமானால் 9.30க்குப் பற்றவைக்க வேண்டும். ஐந்தாறு கிலோ கரி. சுவர் முதலில் கருக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரி தானே எரிந்து சுவர் வெளுத்து வரும். அந்த வெளுப்பு வந்தால்தான் தந்தூர் தயார். அப்போது காற்றுவழியைப் பாதி மூடி, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கம்பியில் சுற்றிச் சுவரை ஒருமுறை துடைத்துவிடுங்கள். ரொட்டி தணலில் விழுவதற்குக் காரணம் எப்போதும் இந்த நாலில் ஒன்று: சுவர் வெளுக்கும் முன் போட்டது, சுவரில் கரி படிந்திருப்பது, ஒட்டும் பக்கத்தில் தண்ணீர் தடவாதது, மாவில் எண்ணெய் மிஞ்சியது. ஈரமான மாவு சூட்டுச் சுவரைத் தொட்டதும் அந்த ஒரு படலம் பசையாகிப் பிடித்துக்கொள்கிறது. நடுவே எண்ணெய் வந்தால் பசை பிடிக்காது.

நம்ம ஊர் புரோட்டா மாஸ்டரைத் தந்தூருக்குப் பழக்கும்போது இடறுவது இங்கேதான். மைதாவின் இழுவை, ஊறல், உருண்டை பிடிக்கிற வேகம் இதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து தங்க இடம் கொடுத்துச் சம்பளமும் கூட்டிக் கொடுப்பதைவிட, நல்ல புரோட்டா மாஸ்டர் ஒருவருக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுப்பது மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் அவர் கை பழக்கத்தில் எண்ணெய்ப் பக்கம் போகும். புரோட்டா உருண்டை எண்ணெயில் மிதந்து ஊறும். ‘நான்’ ரொட்டி உருண்டைக்கு மேலே எண்ணெய் படவே கூடாது. காயாமலிருக்க ஈரத்துணி மூடினால் போதும். முதல் வாரத்தில் பாதி நான் தணலில் விழுந்தால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், எண்ணெய்ச் சட்டியை அவர் பக்கத்திலிருந்து எடுத்து வையுங்கள்.

நானுக்கு அளவு: மைதா 1 கிலோ, உப்பு 15 கிராம், சீனி 20 கிராம், பேக்கிங் பவுடர் 8 கிராம், சோடா உப்பு 2 கிராம், புளிக்காத தயிர் 120 கிராம், பால் 150 மில்லி, தண்ணீர் சுமார் 300 மில்லி, கடைசியில் எண்ணெய் 40 மில்லி. பிசைந்து ஒரு மணி நேரம், 100 கிராம் உருண்டை பிடித்து இன்னொரு மணி நேரம். சித்திரை, வைகாசியில் இந்த ஊர்ச் சூட்டுக்கு அதே மாவு பாதி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். அப்போது குளிர்ந்த பால், ஐஸ் தண்ணீர், ரெண்டு நேரத்துக்குத் தனித்தனியாகப் பிசைவது. காலையில் பிசைந்த மாவை ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டினால் நான் வெளிறி, ரப்பர் மாதிரி இழுக்கும்.

தந்தூரி ரொட்டிக்குக் கோதுமை மாவு 1 கிலோ, உப்பு 15 கிராம், தண்ணீர் 600 முதல் 650 மில்லி. அவ்வளவுதான். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, அரைமணி ஊறல், 80 கிராம் உருண்டை. கருகிய புள்ளி அங்கங்கே விழுந்து, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெதுவாக, ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். மூன்று நிமிடம் எடுத்தால் சூடு போதவில்லை. அந்த ரொட்டி மேஜைக்குப் போவதற்குள் அப்பளமாகிவிடும். லாரிக்காரர் ஒருவர் இந்த ரொட்டி ஆறு, தால் ஒரு கிண்ணம், பச்சைப் பல்லாரி (பெரிய வெங்காயம்), மிளகாய், தயிர் என்று சாப்பிட்டு எழுவார். அவருக்கு ரொட்டிதான் சாப்பாடு, குழம்பு தொடுகறி. நம்ம குடும்பங்கள் ரெண்டு நான், மூன்று கிரேவி என்று கேட்பார்கள். அடுப்படியில் கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் முக்கியம். பகலில் ரொட்டி மாவு கூட, ராத்திரி நான் மாவு கூட.

கோழி போடுவதானால் தோய்ப்பு ரெண்டு கட்டம். ஒரு கிலோ துண்டுக்கு 15 கிராம் உப்பு, ஒரு எலுமிச்சை, 10 கிராம் காஷ்மீரி வத்தல்பொடி போட்டு அரைமணி. பிறகு துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 200 கிராம், இஞ்சி பூண்டு 50 கிராம், இன்னொரு 10 கிராம் வத்தல்பொடி, கரம் மசாலா 5 கிராம், கசூரி மேத்தி 3 கிராம், கடுகெண்ணெய் 30 மில்லி. தயிரை வடிக்காமல் போட்டால் தண்ணீர் தணலில் சொட்டிப் புகை கிளம்பும், மசாலா கம்பியிலேயே நின்றுவிடும். கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சி ஆறவைத்த பிறகே ஊற்றுங்கள்; பச்சையாக ஊற்றினால் நம்ம ஆட்களுக்கு அந்தக் காரநெடி மூக்கில் ஏறும். சிவப்புக்குக் கலர்பொடி வேண்டாம். தந்தூரிக் கோழியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை, தேவையும் இல்லை. காஷ்மீரி வத்தல் கிடைக்காவிட்டால் பேடகி வத்தல். சாத்தூர்ப் பக்கத்து வத்தலைப் போட்டால் நிறத்துக்கு முன் காரம் வந்துவிடும். எலும்போடு ஒட்டிய இடத்தில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து 75 டிகிரி தாண்டியிருக்க வேண்டும்.

கிரேவி ரெண்டே ரெண்டு வைத்தால் போதும், மீதியெல்லாம் அவற்றிலிருந்து பிறக்கும். பழுப்பு கிரேவிக்கு 5 கிலோ பல்லாரியை ஒரு லிட்டர் எண்ணெயில் பொன்னிறம் தாண்டி, செங்கல் நிறம் வரும்வரை வதக்குவது. முக்கால் மணி நேரம் ஆகும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு வெள்ளையாக நிற்கும், கிரேவி கசக்கும். பிறகு இஞ்சி பூண்டு 400 கிராம், தக்காளி 3 கிலோ, பொடிகள், எண்ணெய் பிரியும்வரை.

மக்கனி கிரேவிக்கு வதக்கல் வேலையே கிடையாது. தக்காளி 5 கிலோ, பல்லாரி 1 கிலோ, முந்திரி 500 கிராம், இஞ்சி பூண்டு 250 கிராம், பட்டை ஏலம் கிராம்பு, காஷ்மீரி வத்தல் 100 கிராம், எல்லாவற்றையும் சேர்த்து அவித்து, அரைத்து, சல்லடையில் வடித்து, 400 கிராம் வெண்ணெயில் சிறுதீயில் சுண்டவிட வேண்டும். நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பு தூக்கும், தண்ணீரும் விதையும் அதிகம். பெங்களூர்த் தக்காளி மட்டும் போட்டால் கெட்டி வரும், ருசி வராது. பெங்களூர்த் தக்காளி மூன்று பங்கு, நாட்டுத் தக்காளி ஒரு பங்கு. புளிப்பை அடக்கச் சீனி அள்ளிக் கொட்டுவதால்தான் பல ஊர்களில் பன்னீர் பட்டர் மசாலா பாயசம் மாதிரி இனிக்கிறது. மொத்தத்துக்கும் 40 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கிரீம் கிரேவியோடு கொதிக்கக் கூடாது, திரிந்து மணல் மணலாகும். ஒவ்வொரு ஆர்டருக்கும் சட்டியை இறக்கிய பிறகு விடுவது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம்ம ஊர் நாக்குக்கு என்று கறிவேப்பிலை, சோம்பு, தேங்காய் அரைத்து விட்டால் வடக்கத்திக்காரர் முதல் கவளத்தில் கண்டுபிடித்துவிடுவார், நம்மவருக்கும் அது பாதி சால்னாவாகத்தான் தெரியும். சால்னாவுக்கு அவர்கள் போக வேறு நல்ல கடைகள் இருக்கின்றன. காரம் மட்டும் மேஜையில் சரிசெய்யலாம்: வினிகரில் ஊறிய பச்சைமிளகாய், மல்லிப் புதினாச் சட்னி, அரிந்த பல்லாரி. சர்சோன் கா சாக் எழுதிப்போடுவதும் வேண்டாம். அந்தக் கடுகுக் கீரை பஞ்சாபில் பனிக்காலத்துப் பயிர். இங்கே அது ஒழுங்காகக் கிடைக்காது, டப்பாவில் வருவது அந்த ருசி தராது. பாலக் பன்னீரை ஒழுங்காகச் செய்யுங்கள்: கொதிநீரில் கீரை ஒன்றரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், பிறகு அரைப்பது. மூடிபோட்டு அவித்தால் பச்சை போய்ப் பாசிநிறம் வரும்.

இனிப்புப் பக்கம் எல்லாமே பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பல்லாத இதரச் சத்து 9 சதவீதம். அந்தப் பால் 10 லிட்டரில் ஏறக்குறைய 1.8 கிலோ பன்னீர் எடுக்கலாம். கொதித்ததும் இறக்கி 75, 80 டிகிரிக்கு ஆறவிட்டு, 20 கிராம் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிரிந்த தண்ணீர் தெளிந்து இளம்பச்சையாக வந்ததும் நிறுத்துங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் பன்னீர் ரப்பர். அமிலம் குறைந்தால் தண்ணீர் பால்நிறத்தில் இருக்கும், சத்து அதோடு போய்விடும். துணியில் கட்டி 20 நிமிடம் பாரம், பிறகு குளிர்ந்த தண்ணீரில் ரெண்டு மணி நேரம். பிரிந்த தண்ணீரை அன்றைக்கே ரொட்டி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம். வெளியில் வாங்குகிற மலிவுப் பன்னீரில் ஒரு துண்டைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது.

ரசகுல்லாவுக்கு எருமைப்பால் ஆகாது, பசும்பால்தான். பாலைத் திரித்து எடுக்கிற சேனாவைப் பன்னீர் மாதிரி அழுத்தாமல் வடித்து மட்டும் எடுத்து, உள்ளங்கையின் அடியால் எட்டுப் பத்து நிமிடம் தேய்த்துப் பிசைய வேண்டும். கையில் லேசாக நெய்ப்பசை தெரிவது அடையாளம். பாகு தண்ணியாக, தளதளவென்று கொதிக்கிற நிலையில் 15 நிமிடம். கொதியில் பாகு கெட்டிப்படும். அடிக்கடி ஓரமாக வெந்நீர் விட்டுக்கொண்டே இருக்காவிட்டால் உருண்டை சுருங்கிவிடும்.

குலாப் ஜாமூனுக்குச் சர்க்கரையில்லாத கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் பிசைந்து பொரித்தால், அதிலுள்ள சீனி எண்ணெயில் கருகி, உருண்டை உடைந்து சட்டியே பாழாகும். கோவா 1 கிலோ, மைதா 200 கிராம், சோடா உப்பு 3 கிராம், 25 கிராம் உருண்டை. எண்ணெய் 130, 140 டிகிரிதான். உருண்டை அடியில் போய் உட்கார்ந்து, மெதுவாக மேலே வர வேண்டும். போட்டதும் மிதந்தால் சூடு அதிகம், மேலே சிவந்து உள்ளே கல் நிற்கும். கரண்டி உருண்டையைத் தொடாமல் எண்ணெயைத்தான் சுழற்ற வேண்டும். முதலில் ஒரே ஒரு உருண்டை போட்டுப் பாருங்கள். உடைந்தால் 25 கிராம் மைதா கூடுதல். பாகு கைபொறுக்கும் சூட்டில், பிசுபிசுப்பு வந்து கம்பிப் பதம் வராத நிலையில். கெட்டிப் பாகில் போட்டால் ஜாமூன் கிழங்கு மாதிரி சுருங்கும்.

ஜிலேபியில் பெயர்ச் சிக்கல் உண்டு. "அண்ணாச்சி, ஜிலேபி கேட்டா என்னமோ மெல்லிசா தாரியளே?" என்று கேட்பவர் மனதில் இருப்பது உளுந்து அரைத்துச் சுற்றுகிற ஜாங்கிரி. பஞ்சாபி ஜலேபி மைதாவைப் புளிக்கவைத்துச் சுடுவது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்காமல், சாயங்காலம் வாசலில் தட்டைச் சட்டி வைத்துக் கண்ணெதிரே சுட்டால் கேள்வியே வராது. மைதா 500 கிராம், கடலை மாவு 50 கிராம், தயிர் 100 கிராம், தண்ணீர் சுமார் 450 மில்லி. கோடையில் 8 மணி நேரம் போதும், மார்கழியில் 14 மணி நேரம்கூட ஆகும். ஒரு கம்பிப் பாகு, வெதுவெதுப்பாக, எலுமிச்சை சில சொட்டு விட்டு. இல்லாவிட்டால் சீனி பூத்துவிடும். சட்டியிலிருந்து நேரே பாகில் 20 விநாடி. பாகு ஆறிப்போனால் உள்ளே இழுக்காது. பாகு இளகலாக இருந்தால் ஐந்தே நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

அல்வா என்ற சொல்லைப் பலகையில் எழுதும் முன் யோசியுங்கள். நெல்லையப்பர் கோயில் தேரடிப் பக்கம் அல்வாவுக்குக் கூட்டம் நிற்கிற ஊர். இங்கே அல்வா என்றால் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. குருத்துவாராவில் கொடுக்கிற கடா பிரசாதமும் கோதுமைதான். ஆனால் முழு மாவை நெய்யில் வறுத்துச் செய்வது. மாவு, நெய், சீனி மூன்றும் சம எடை, தண்ணீர் மாவைப் போல மூன்று நாலு மடங்கு, கொதிக்கக் கொதிக்க. மாவு வறுபட்டு முந்திரித்தோல் நிறம் வந்து நெய் விலகும்போது தண்ணீர் விட்டால் வாசம் தெருமுனைவரை போகும். அதை ‘ஆட்டா ஹல்வா’ என்றே எழுதி, சூடாக மட்டும், மாலை நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்ல இடமிருக்காது, ரெண்டும் ரெண்டு வழி என்பது வாயில் வைத்ததும் தெரியும்.

‘பின்னி’ என்கிற பஞ்சாபி மாவுருண்டை இங்கே நன்றாகப் போகும், பதினைந்து நாள் கெடாது. கோதுமை மாவு 1 கிலோ, நெய் 650 கிராம், பொடித்த வெல்லம் 600 கிராம், கோந்த் என்கிற பிசின் 100 கிராம், பாதாம் முந்திரி. வறுத்த மாவு கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே வெல்லம். சூட்டில் போட்டால் உருகி, மறுநாள் கல்லாக இறுகும். கோந்த் கேட்டால் நாட்டு மருந்துக் கடையில் பாதாம் பிசின் எடுத்து நீட்டுவார்கள். அது தண்ணீரில் ஊறிப் பொங்குகிற சரக்கு, நெய்யில் பொரியாது. கருவேலம் பிசின் என்று கேளுங்கள். நெய்யில் போட்டால் அரிசிப்பொரி மாதிரி வெடித்து வரும்.

இனிப்புத் தட்டுகளைத் தந்தூரிலிருந்து தள்ளி வையுங்கள். கோவா வாசத்தை இழுக்கும்; வெங்காய வாடை ஏறிய பர்பியை யாரும் ரெண்டாவது முறை வாங்க மாட்டார்கள். கோழியும் போடுகிற கடையானால் இனிப்புக்குத் தனிப் பாத்திரம், தனி எண்ணெய், தனி ஆள். கோயிலுக்குப் போகிற வழியில் வாங்குகிறவர்களுக்கு அது முக்கியம். உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் முன்னால் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். ரசமலாய்க்கு மறுநாள்தான் எல்லை, குளிரில் இருந்தாலும். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டக் கூடாது என்பது சட்டம். அளக்கும் கருவி இல்லாவிட்டால், எண்ணெய் கருத்து, நுரை அடங்காமல், கொழகொழவென்று ஒழுகத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மெனு அட்டையில் 120 வரி வேண்டாம். நாலு ரொட்டி வகை, தால் ரெண்டு, சோலே, ராஜ்மா, பன்னீர் மூன்று, கோழி மூன்று, லஸ்ஸி, ஏழு இனிப்பு. இருபத்தைந்துக்குள் நின்றால் சரக்கு தினமும் புதுசாக ஓடும், ஆறு பேர் அடுப்படியைச் சமாளிக்கலாம். மிஞ்சிய கிரேவியை அண்டாவோடு மூடி ஆறவிடுவது பெரிய தப்பு. அகலத் தட்டில் ரெண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றினால் சீக்கிரம் ஆறும். உடனே 5 டிகிரிக்குள் ஏற்றிவிடலாம். அண்டாவில் நடுச்சூடு விடியும்வரை நிற்கும், புளித்த வாடை அங்கேதான் பிறக்கிறது.

ராத்திரி பத்தரைக்குக் கடைசி ரொட்டி எடுத்த பிறகும் தந்தூர் அணையாது. அந்தச் சூட்டை வீணாக்க வேண்டாம். மறுநாளைக்கான உளுந்தைக் குக்கரில் அவித்து, தளதளவென்று கொதிக்கிற நிலையிலேயே கனமான பாத்திரத்தில் ஊற்றி, இறுக மூடி, தந்தூர் வாயின் மேல் ஏற்றுங்கள். காற்றுவழியில் ஒரு விரல் இடைவெளி மட்டும். தணல் மேல் சாம்பல் போர்த்தியிருந்தால் விடியும்வரை சூடு நிற்கும். காலை ஐந்தரைக்கு முதல் ஆள் வந்ததும் மூடியைத் திறந்து தெர்மாமீட்டர் விட வேண்டும். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் வெந்நீர் விட்டு மறுபடி கொதிக்கவிட்டுத் தக்காளி சேர்க்கலாம். 60க்குக் கீழே போயிருந்தால், வாசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக அவிக்க வேண்டியதுதான்.